கரிசல் சிற்றூர்களும் சிறுவர் நூல்களும்

முன்னுரை

உமறுப்புலவரும் பாரதியாரும் வாழ்ந்த எட்டயபுரமும், கி. ராஜநாராயணன் பிறந்த இடைசெவலும் கோவில்பட்டியை அடுத்தே அமைந்துள்ளன. நூல்களைப் படைப்போர்க்குக் குறைவில்லாத இக்கரிசல் வட்டாரத்தில், பாடநூலன்றி வேறு நூலைத் தொட்டறியாச் சிறார் பலர் வளர்ந்தனர். அதன் காரணத்தையும், அதனை மாற்ற முயன்றோர் பணியையும் ஈண்டு ஆராய்வோம்.

தடைகள்

கரிசல் வேளாண்மை பெரிதும் மானாவாரியானது. மழை பொய்த்த ஆண்டுகளில் தீப்பெட்டித் தொழிலே பல குடும்பங்களுக்கு அடுப்பெரித்தது. சிறாரின் விரல்களும் அதில் உழைத்தன. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. 1988 முதல் தேசியத் திட்டத்தின்கீழ்ச் சிறப்புப் பள்ளிகள் தோன்றின. நூலுக்கு முன்னர் ஓய்வு நேரத்தைக் குழந்தைக்கு மீட்டுத்தர வேண்டியிருந்தது என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

முன்னோடிகள்

மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், 1931ஆம் ஆண்டு அக்டோபரில், கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டுவண்டியில் நடமாடும் நூலகம் அமைத்தார். அதனைத் தொடங்கி வைத்தவர் நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன். ஊரார் நூலகத்தைத் தேடி வராவிடின், நூலகம் ஊரைத் தேடிச் செல்லலாம் என்பதை அவ்வண்டி மெய்ப்பித்தது. 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது.

1990களில் அறிவொளி இயக்கத் தொண்டர்கள் மாலைதோறும் விளக்கொளியில் எழுத்தறிவித்தனர். அவ்வனுபவங்களை ச. தமிழ்ச்செல்வன் ‘இருளும் ஒளியும்’ என்னும் நூலில் பதிவு செய்துள்ளார். கோவில்பட்டியில் வாழ்ந்து சிறுவர்க்கெனத் தொடர்ந்து எழுதும் உதயசங்கர், ‘ஆதனின் பொம்மை’ நூலுக்காக 2023இல் சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் விருதைப் பெற்றார். அதே ஆண்டு தொடங்கிய அரசின் வாசிப்பு இயக்கம், ‘நுழை, நட, ஓடு, பற’ என வாசிக்கும் திறனுக்கேற்பச் சிறு நூல்களை வகுத்தளித்தது.

நம் கடமை

நூல்களைக் கொண்டு சேர்ப்பது பாதிப் பணியே. கிழிந்துவிடும், தொலைந்துவிடும் என்றஞ்சி அலமாரியில் பூட்டிவைத்தால், அவை ஊருக்கு வந்தும் வாராதவையே. ஓரங்கள் நைந்த நூலே பயன்பட்ட நூல் எனலாம்.

எனவே மாணவர்க்குச் சிலவற்றைக் கூற விழைகின்றோம். விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொருவரும் பத்துச் சிறுவர் நூல்களை எடுத்துச் செல்லலாம். பெரிய எழுத்தும் படமும் உடையனவாக, அவ்வூர்ச் சிறார் பேசும் சொற்கு அணுக்கமானவையாக அவை அமைதல் நலம். முதல் நாளில் ஒரு கதையைப் படித்துக் காட்டுக. இரவல் ஏட்டை அவ்வூர்ச் சிறுமி ஒருத்தியிடமே ஒப்படைக்க. அடுத்த விடுமுறையில் அந்நூல்களை அண்டை ஊர் நூல்களோடு மாற்றிக்கொண்டால், பத்து நூல் இருபதாகும். ஊர்ப் பெரியோர் திண்ணையில் மாலையில் ஒருமணி நேரம் இடமளித்தால் போதும். தனிக் கட்டடத்திற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

முடிவுரை

கரிசல் மண், பெய்த மழையின் ஈரத்தை நெடுநாள் காத்துப் பயிரை விளைவிக்கும் இயல்புடையது. இளமையில் படித்த கதையும் அத்தகையதே. விதைக்கும் பருவத்தைத் தவறவிடாதிருப்பது கற்றோராகிய நம் பொறுப்பாகும்.