திருத்தியபின் புகை கக்கும் டீசல் இயந்திரம்: காரணம் காணும் முறை

காலபோகத்துக்கு நிலம் பண்படுத்தும் நாளில் உழவு இயந்திரம் ஒரு கிழமை நின்றுவிடுமாயின் அதனால் வரும் நட்டம் எத்தகையது என்பதைக் கமக்காரராகிய உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. முதல் மழையின் ஈரம் காத்திருப்பதில்லை. ஆகவே, பட்டினத்துக்குச் செல்லாது வீட்டு முற்றத்திலேயே இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டும் வழக்கம் வன்னிப் பெருநிலப்பரப்பில் வேரூன்றியிருப்பதில் வியப்பில்லை. 1990 ஆம் ஆண்டு தொடங்கிப் போர்க்காலப் பொருளாதாரத் தடையினால் டீசலும் உதிரிப்பாகங்களும் அரிதாகிய காலத்தில், மண்ணெண்ணெயுடன் வேறு எண்ணெய் கலந்து இயந்திரங்களை ஓட்டியவர்களும், தேய்ந்த பாகத்தையே மீண்டும் பூட்டிப் பயன்கொண்டவர்களும் இங்கு பலர். 2009 இன் பின் வெயிலிலும் மழையிலும் கிடந்த இயந்திரங்களை மீட்டு உயிர்ப்பித்ததும் இந்தக் கைகளே. இத்திறமையைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. திருத்தி முடித்தபின் இயந்திரம் புகை கக்குமாயின், கண்டபடி மறுபடியும் கழற்றாது, காரணத்தை ஒழுங்காகத் தேடும் முறையையே இங்கு கூற முற்படுகின்றோம்.

முதலில் ஒன்றை மனத்திற் கொள்ளுங்கள். திருத்துவதற்கு முன் இல்லாத புகை திருத்தியபின் தோன்றினால், குற்றம் பெரும்பாலும் நீங்கள் கைவைத்த இடத்திலேயே இருக்கும். உட்பாய்ச்சியை (இஞ்ஜெக்டரை) மாத்திரம் கழற்றியவர் பிஸ்டன் வளையங்களைச் சந்தேகித்து இயந்திரம் முழுவதையும் பிரிப்பது வீண் செலவு. ஆதலின், எவ்வெப் பாகங்களைக் கழற்றினீர்கள், எவற்றைப் புதிதாக இட்டீர்கள், எதனைப் பழையதாகவே பூட்டினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இதனைச் சிறு காரியமென்று எண்ணற்க. அனுபவமிக்க மெக்கானிக்கும் முதலில் உங்களிடம் கேட்பது இதனையே.

புகையின் நிறம்

டீசல் இயந்திரத்தில் தீப்பொறி இல்லை. சிலிண்டருள் அமுக்கப்பட்ட காற்று மிகுந்த வெப்பமடைகின்றது. அவ்வெப்பத்தில் நுண்துளிகளாகப் பீறிடும் டீசல் தானே பற்றி எரிகின்றது. போதிய காற்று, போதிய அமுக்கம், தக்க வேளையில் நன்கு சிதறிய டீசல் ஆகிய மூன்றும் கூடினால் புகை ஏறக்குறைய இராது. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் புகைக்குழாய் அதனைக் காட்டிக்கொடுக்கும்.

இயந்திரம் சூடேறியபின் ஒரு வெள்ளை மட்டைத் துண்டைக் குறடாற் பிடித்துப் புகைக்குழாயின் வாயிலிருந்து ஒரு சாண் தொலைவிற் சில கணம் காட்டுங்கள். உலர்ந்த கரி படிந்தால் டீசல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. பிசுபிசுப்பான கபிலநிறப் புள்ளிகள் விழுந்தால் மசகெண்ணெய் எரிகின்றது. ஈரம் படிந்து, டீசல் மணம் வீசி, கறை நின்றால் எரியாத டீசல் வெளியேறுகின்றது. ஈரம் உலர்ந்து கறையின்றிப் போனால் அது நீர். புகையை வெறுங்கண்ணால் மட்டும் பார்த்து, நீராவியையும் எரியாத டீசலையும் ஒன்றெனக் கொண்டு ஏமாறுவோர் பலராதலின் இச்சிறு சோதனையைத் தவறவிடாதீர்கள். எரியாத டீசலின் புகை கண்ணைக் கரிக்கும், நீராவி கரிக்காது.

குளிர்ந்த விடியற்காலையில் இயக்கியதும் சிறிது வெண்புகை வந்து சில நிமிடங்களில் மறைவது குற்றமன்று. சேற்றுழவில் திடீரெனப் பாரம் ஏறும்போது சற்றே கருமை தோன்றுவதும் அவ்வாறே.

கரும்புகை

முதலில் காற்று வடிகட்டியைப் பாருங்கள். சூடடிப்புக் காலத்துத் தூசியும் உமியும் அதனை அடைத்திருக்கலாம். பூட்டும்போது உள்ளே துணி ஒன்றை மறந்து விட்டவர்களும் உண்டு. அடுத்தது, வேலையின் பாரம். உயர்ந்த கியரில் ஆழச் சேற்றில் இழுக்கவிட்டால் நல்ல இயந்திரமும் கரும்புகை விடும். கியரைக் குறைத்துப் பாருங்கள்.

இவை சரியாயின் உட்பாய்ச்சியையே நோக்க வேண்டும். அதன் அடியில் இருக்கும் செப்பு வளையம் வீட்டுத் திருத்தத்தில் மிகுதியாகத் தவறு நேரும் இடமாகும். உட்பாய்ச்சியைக் கழற்றும்போது பழைய வளையம் குழியினுள் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதனைக் காணாது புதிய வளையம் ஒன்றை இட்டுப் பூட்டினால் இரண்டு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் அமையும். அதனால் உட்பாய்ச்சியின் மூக்கு உயர்ந்து, டீசல் சிதற வேண்டிய இடத்திற் சிதறாது சுவரில் மோதிக் கரும்புகையாகும். வளையம் இடாமலே பூட்டினாலோ எரிந்த வாயு மேலே கசிந்து மூக்கைச் சுட்டுக் கெடுக்கும். ஆகவே, சிறு கைவிளக்கைப் பிடித்துக் குழியைப் பார்த்து, ஒரே வளையம், அதுவும் புதியது, இருப்பதை உறுதிசெய்யுங்கள். உட்பாய்ச்சியை அழுத்தும் இரு நட்டுகளையும் மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்குதல் வேண்டும். ஒரு புறம் மாத்திரம் இறுகினால் உள்ளிருக்கும் ஊசி சிக்கிக்கொண்டு டீசல் சொட்டத் தொடங்கும்.

மூன்று சிலிண்டர் உழவு இயந்திரமாயின், குறைந்த வேகத்தில் ஓடவிட்டு ஒவ்வொரு உட்பாய்ச்சிக் குழாயின் நட்டையும் தனித்தனியே ஒரு சுற்றளவு தளர்த்திப் பின் இறுக்கிப் பாருங்கள். தளர்த்தியபோது ஒலி மாறினால் அச்சிலிண்டர் உழைக்கின்றது. மாறாது புகை மாத்திரம் குறைந்தால் குற்றம் அங்கேயே. நட்டின்மேல் தடித்த துணியைச் சுற்றி, முகத்தை விலக்கி இதனைச் செய்க. உட்பாய்ச்சியை வெளியே பிடித்து அது பீறிடும் விதத்தைப் பார்க்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. நூறு வளிமண்டலத்துக்கும் மேற்பட்ட அமுக்கத்தில் வரும் அந்தப் பீறல் தோலைத் துளைத்துச் சதையினுள் டீசலைச் செலுத்திவிடும். ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளியே தெரியும்; நோவும் முதலிற் பெரிதாயிராது. ஆயினும் விரலையே இழக்க நேரிடலாம். அவ்வாறு நேர்ந்தால் ஒரு மணி நேரமும் தாமதியாது வைத்தியசாலைக்குச் சென்று, டீசல் உட்சென்றதென்று வைத்தியரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்.

பம்பியில் ஈய முத்திரை இட்டுக் கட்டிய திருகாணியை வலுக் கூட்டுவதற்கென்று திருப்பியிருந்தால், மேலே கூறியவற்றில் எதனையும் தேடவேண்டாம். அதனைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் சோதனைக் கருவியுள்ள வேலைத்தலத்துக்குப் பம்பியை எடுத்துச் செல்வதே வழி.

வெண்புகை

வால்வுகளின் இடைவெளியைச் சரிசெய்தபின் வெண்புகையும் இயக்கக் கடினமும் தோன்றினால் இடைவெளி மிகக் குறைந்துவிட்டது என்று கொள்க. வால்வு முற்றாக மூடாதபோது அமுக்கம் கசிகின்றது. வெப்பம் போதாமல் டீசல் எரியாது வெளியேறுகின்றது. எம் பகுதியிற் பலரிடமுள்ள மசி பெர்கசன் 135, 240 ஆகியவற்றின் மூன்று சிலிண்டர் பேர்க்கின்சு இயந்திரத்துக்குக் குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டும். கண்ணளவு போதாது; தகட்டளவி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மற்றைய இயந்திரங்களுக்கு அவற்றின் கைந்நூலில் உள்ள அளவையே கொள்க.

லான்ட்மாஸ்ரர் என்றே பலரும் இன்றும் அழைக்கும் இரு சில்லு உழவு இயந்திரத்திலும், ஒற்றைச் சிலிண்டர் நீரிறைக்கும் இயந்திரத்திலும் அமுக்கத்தைக் கையாலேயே சோதிக்கலாம். டீசற் பிடியை நிறுத்தும் நிலையில் வைத்து, அமுக்கத்தைத் தளர்த்தும் பிடியைத் தொடாது, கைப்பிடியை மெல்லச் சுழற்றுங்கள். நல்ல அமுக்கமுள்ள இயந்திரம் எதிர்த்து நின்று, விட்டதும் பின்னோக்கித் துள்ளும். எதிர்ப்பின்றிச் சுழன்றால் காது கொடுத்துக் கேளுங்கள். காற்று வடிகட்டிப் பக்கம் சீறினால் உள்வால்வு; புகைக்குழாயிற் சீறினால் வெளிவால்வு; எண்ணெய் ஊற்றும் வாயிற் சீறினால் பிஸ்டன் வளையங்கள். செலவில்லாத இச்சோதனையைச் செய்யாமல் சிலிண்டர் தலையைக் கழற்ற முற்படாதீர்கள்.

அமுக்கம் நன்றாயிருந்தும் வெண்புகை நிற்கவில்லையெனில், டீசல் பிந்திப் பாய்கின்றதோ என்று பார்க்க வேண்டும். பல ஒற்றைச் சிலிண்டர் இயந்திரங்களில் பம்பியின் அடியிலுள்ள மெல்லிய தகடுகளே பாயும் வேளையைத் தீர்மானிக்கின்றன. பம்பியைக் கழற்றியவர் இருந்ததற்கு மேல் ஒரு தகடு கூடுதலாக இட்டால் டீசல் பிந்தும், வெண்புகை வரும். ஒன்று தொலைந்துபோனால் டீசல் முந்தும். இயந்திரம் சம்மட்டியால் அடிப்பதுபோல் ஒலிக்கும். கழற்றும்போதே தகடுகளை எண்ணி நூலிற் கோத்து வைப்பவருக்கு இவ்வில்லங்கம் இல்லை. பற்சில்லு மூடியைத் திறந்து பூட்டியிருந்தால் மாத்திரம் பற்களின் அடையாளங்கள் ஒன்றையொன்று நேராக நோக்குகின்றனவா என்று பார்க்க. ஒரு பல் தவறினாலும் போதும். மூடியைத் திறக்காதவர் அதனைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

டீசலில் நீர் கலந்திருப்பதும் உண்டு. 2022 ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கலன்களிலும் பீப்பாய்களிலும் சேமிக்கும் பழக்கம் பரவிற்று. மாரியிற் பீப்பாயின் மூடிவழி நீர் இறங்கி அடியில் தங்கும். பீப்பாயைச் சற்றுச் சாய்த்து வைத்து, ஒரு நாள் அசையாதிருந்தபின் மேற்பகுதியிலிருந்தே எடுங்கள். டீசலுடன் மண்ணெண்ணெய் கலப்பது அக்காலத்துத் தேவையாயிருக்கலாம். இன்று அதற்குக் காரணமில்லை. பம்பியின் உட்பாகங்களுக்கு டீசலே மசகு. மண்ணெண்ணெய் அதனை மெலியச் செய்வதால் அவை தேய்ந்து வலு குன்றும்.

மட்டையிற் கறையின்றி உலரும் நீராவியாயின் சிலிண்டர் தலையின் காஸ்கட்டே முதற் சந்தேகத்துக்குரியது. பழைய காஸ்கட்டை மீண்டும் இட்டீர்களா? திருகாணிகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, மூன்று முறையாகச் சிறிது சிறிதாக இறுக்கினீர்களா? இயந்திரம் சூடேறுமுன், நீர்க்கலத்தின் மூடியைத் திறந்துவைத்து இயக்கிப் பாருங்கள்; ஓயாது குமிழி எழுந்தால் வாயு நீருள் புகுகின்றது. எண்ணெய்க் கோலை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் பால்தேநீர் நிறமாயிருந்தால் அந்தக் கணமே இயந்திரத்தை நிறுத்துக; நீர் கலந்த எண்ணெயில் ஒரு பொழுது உழுதாலும் தாங்கிகள் அழிந்துவிடும். சூடேறிய இயந்திரத்தின் மூடியை எக்காரணம் பற்றியும் திறவாதீர்கள்.

நீலப்புகை

நீலப்புகை கண்டதும் வளையங்கள் போய்விட்டன என்று கலங்குவது இயல்பு. எண்ணெய் மிகுதியாக ஊற்றப்பட்டிருத்தலும் அதற்குக் காரணமாகும். இரு சில்லு இயந்திரத்தைச் சாய்ந்த நிலையில் நிறுத்தி எண்ணெய்க் கோலைப் பார்த்தால் அளவு பிழைக்கும்; சமதரையில் நேராக நிறுத்தியே பார்க்க வேண்டும். காற்று வடிகட்டியின் எண்ணெய்க் கிண்ணத்திலும் குறித்த கோட்டுக்கு மேல் ஊற்றலாகாது.

இக்கிண்ணத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கின்றது. மிகுதியான எண்ணெயை இயந்திரம் காற்றோடு உறிஞ்சி அதனையே எரிபொருளாகக் கொண்டு ஓடத் தொடங்கும். டீசலை நிறுத்தினாலும் நில்லாது, அடர்ந்த நீலப்புகையுடன் வேகம் மேன்மேலும் ஏறும். அப்பொழுது காற்று உட்செல்லும் வாயைத் தட்டையான பலகையால் அடைத்து மூடினால் மூச்சின்றி நின்றுவிடும். கையையோ துணியையோ வைத்து அடைக்காதீர்கள், உறிஞ்சிவிடும். சில்லு சுழலும் திசைக்கு நேரே எவரும், சிறப்பாகப் பிள்ளைகள், நிற்க விடாதீர்கள். திருத்தியபின் முதன்முறை இயக்கும்போது அப்பலகையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்வது நன்று.

புதிய வளையங்கள் இட்ட இயந்திரம் முதற் சில மணி நேரம் இலேசாக நீலப்புகை விடுவது இயல்பு. அதைக் கண்டு நாள் முழுவதும் பாரமின்றி மெல்ல ஓடவிடுவது பெருந்தவறு. அதனால் சிலிண்டரின் சுவர் கண்ணாடிபோல் மினுங்கிவிட, வளையங்கள் ஒருபோதும் படியாமற் போகும். முதலில் வெற்றுப் பெட்டி இழுத்தல், ஆழமற்ற தோட்ட நீர் இறைத்தல் போன்ற இலகுவான வேலையும், பின்னர் படிப்படியாகப் பாரமும் கொடுங்கள். அதன்பின்னும் புகை குறையாவிடின், வளையங்களின் வாய்கள் ஒரே நேரில் அமைந்தனவா, மேற்புறமென்று குறிக்கப்பட்ட பக்கம் கீழாகிவிட்டதா என்று பார்க்கவேண்டி வரும். அதற்கு மீண்டும் பிரிக்க வேண்டியதாதலின், உழவு முடியும்வரை பொறுத்திருக்கலாமா என்பதை நாளொன்றுக்கு எவ்வளவு எண்ணெய் குறைகின்றது என்று அளந்து நீங்களே தீர்மானிக்கலாம். எண்ணெயை நாள்தோறும் நிரப்பியே ஒரு போகத்தை ஒப்பேற்றியவர்கள் உண்டு; வெண்புகை நீராவியாயிருந்தால் மாத்திரம் அவ்வாறு பொறுத்திருத்தல் கூடாது.