வானளாவும் கட்டடங்களும் காற்றின் தாக்குதலும்

நுவரெலியா, அட்டன் பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகளைக் கண்டு வளர்ந்தோர்க்கு, வானளாவும் கட்டடத்தின் முதற்பாடம் புதியதன்று. கொழுந்து வாட்டும் மேல்மாடிகளைத் தாங்கி நிற்பவை வெளியே காணப்படும் தகரச் சுவர்களல்ல. உள்ளே நிற்கும் இரும்புத் தூண்களும் அவற்றைப் பிணைக்கும் உத்தரங்களுமேயாம். சுவர், மழையையும் குளிரையும் தடுக்கும் போர்வை மாத்திரமே. கந்தப்பளை ஹெதர்செட் தொழிற்சாலை பிற்காலத்தில் உல்லாச விடுதியாக மாற்றப்பட்டபோதும் பழைய சட்டகம் அவ்வாறே நிலைத்தது.

சிக்காகோ நகரில் 1885இல் ஜென்னி என்பார் அமைத்த பத்து மாடிக் கட்டடத்தில் உருப்பெற்றதும் இக்கருத்தே. அந்நகரிலேயே 1891இல் பழைய முறைப்படி செங்கற் சுவரின்மேல் எழுந்த மொனட்னொக் கட்டடத்துக்குப் பதினாறு மாடிகளே. அதற்கே அடிச்சுவர் ஆறடித் தடிப்பு வேண்டியதாயிற்று. அம்முறையில் இன்னும் உயர்வதாயின் கீழ்த்தளத்தில் மனிதர் நடமாட இடமிராது.

சட்டகம் சுமையை வென்றது. ஆனால் உயரம் மிகுந்தபோது வேறொரு பகை எதிர்ப்பட்டது. சுமை நேர்கீழாக இறங்குவது. காற்றோ பக்கவாட்டில் மோதுவது. மண்ணில் ஊன்றிய கோல் போன்றது கட்டடம். அகலமும் உறுதியும் மாறாதிருக்க, உயரம் மட்டும் இரட்டிக்குமாயின், சீரான காற்று அடியில் உண்டாக்கும் வளைவுத் திருப்பம் நான்கு மடங்காகும். உச்சியின் அசைவோ பதினாறு மடங்காகும். உயரத்தின் அடிக்கணக்கை மனனஞ் செய்து அமையும் மாணவர், இவ்விரு எண்களையும் ஒருமுறை தாமே கணித்துப் பார்த்தல் நன்று.

இதற்கு விடை கண்டவர் 1929இல் டாக்காவிற் பிறந்த பஸ்லூர் ரஹ்மான் கான். மூங்கிலின் வலிமை அதன் புறவட்டத்தில் உள்ளது, உள்ளே வெறுமையே. அவ்வாறே கட்டடத்தின் புறத்தூண்களை நெருக்கி இணைத்து முழுக் கட்டடத்தையும் ஒரு குழாயாக்கினார் அவர். 1931இல் முடிந்த எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்குத் தளத்தின் சதுர அடியொன்றுக்கு ஏறத்தாழ 42 இறாத்தல் உருக்குச் சென்றது. கானின் நூறு மாடி ஹான்கொக் கட்டடத்துக்கு (1969) ஏறத்தாழ 30 இறாத்தலே போதியதாயிற்று. ஒன்பது குழாய்களை ஒருங்கே கட்டினாற்போன்ற அவரது சியேர்ஸ் கோபுரம், 442 மீற்றர் உயர்ந்து, 1998வரை உலகில் முதலிடம் வகித்தது.

2010 ஜனவரியில் டுபாயில் திறக்கப்பட்ட புர்ஜ் கலீபா 828 மீற்றர் உயரமுடையது. இங்கே உருக்கினும் கொங்கிறீற்றே பெரும்பங்கு பெற்றது. நடுவே அறுகோண அகடு. அதனின்று மூன்று சிறகுகள் பிரிந்து ஒன்றுக்கொன்று உதைகாலாய் நிற்கும். ஆற்றின் நடுக்கல்லை மோதும் நீர் இருபுறமும் மாறி மாறிச் சுழிப்பதை நாம் கண்டிருக்கிறோம். காற்றும் அவ்வாறே சுழித்துக் கட்டடத்தை இருபுறமும் இழுக்கும். அச்சுழிப்பின் தாளம் கட்டடத்தின் இயல்பான அசைவோடு ஒத்துவிட்டால், காலமறிந்து தள்ளப்படும் ஊஞ்சல்போல அசைவு பெருகும். ஆகவே அமைப்பாளராகிய ஏட்ரியன் ஸ்மித்தும் பொறியியலாளராகிய வில்லியம் பேக்கரும், உயரே செல்லச் செல்லச் சிறகுகளைப் படிப்படியாக ஒடுக்கி, மட்டத்துக்கு மட்டம் வடிவத்தை மாற்றினர். ஓரிடத்துச் சுழிப்பு மற்றோரிடத்துச் சுழிப்போடு ஒத்திசையாது சிதறும். இவ்வடிவம் காற்றுச் சுரங்கத்தில் மாதிரிகளை வைத்துப் பன்முறை சோதித்துத் திருத்தியதாகும். கோடை வெப்பத்திற் கொங்கிறீற்று விரைந்து இறுகிவிடாதிருக்க, பனிக்கட்டி சேர்த்து இரவில் வார்த்தனர். அதைச் செய்தோரிற் பெரும்பாலார் தென்னாசியத் தொழிலாளர்.

அத்திவாரத்தையும் நோக்குக. டுபாயின் அடிப்பாறை வலிதன்று. 1.5 மீற்றர் விட்டமும் ஏறத்தாழ 43 மீற்றர் நீளமுமுள்ள 192 கொங்கிறீற்று முளைகள், தம் பக்கங்களைப் பற்றும் உராய்வினாலேயே பெரும்பாலும் சுமையைத் தாங்குகின்றன. அவற்றின்மேல் 3.7 மீற்றர் தடிப்புள்ள கொங்கிறீற்றுத் தட்டு அமைந்துள்ளது. மெலிந்த பாறையிலும் அந்நெடுங்கட்டடம் நிலைத்திருக்க, நம் மலைகளில் ஒரு மாடி லயன்களே மண்ணோடு போயின. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் நேர்ந்ததை நாம் அறிவோம். ஆங்குக் கட்டடத்தின் பாரம் காரணமன்று. மழைநீர் ஊறிய சரிவில் மண்துகள்களின் பிடி தளர்ந்து, நிலமே நகர்ந்தது. நகரும் நிலத்தின்மேல் எத்துணைத் திண்ணிய தூணும் பயன்படாது. மலைநாட்டில் கட்டடம் எழுப்புமுன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் சரிவையும் நீரோட்டத்தையும் வந்து ஆராய்வது இதன்பொருட்டே.