சம்பளப் பட்டியலைச் சரிபார்த்துட்டீங்களா?

ஊரப்பாக்கத்தில் கடையோ பட்டறையோ நடத்துறீங்களா? 29 தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாக 4 சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்துள்ளன. முதலில் சம்பளப் பட்டியலைப் பாருங்க.

உதாரணம்: மாதச் சம்பளம் ரூ.20,000. இதில் அடிப்படைச் சம்பளம் ரூ.8,000; வீட்டு வாடகைப்படி, பயணப்படி ரூ.12,000. படிகள் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகை ஊதியத்தில் சேரும். இங்கே ரூ.2,000 சேர்ந்து ஊதியம் ரூ.10,000 ஆகிறது. 5 ஆண்டுப் பணிக்கொடை ரூ.23,077 அல்ல, ரூ.28,846.

இதையும் கவனிங்க:

• மாதச் சம்பளம்: அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள்.
• வேலையை விட்டவருக்குச் சம்பளப் பாக்கி: 2 வேலை நாட்களுக்குள்.
• 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால்: ஒவ்வொருவருக்கும் பணி நியமனக் கடிதம்.

சந்தேகம் இருந்தால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேளுங்க.