முதலில் பிரேக், கடைசியில் எஞ்சின்

அன்புள்ள சரவணா,

நீ அனுப்பிய பட்டியலை அண்ணியிடம் காட்டவில்லை. காட்டினால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். 1990ஆம் வருஷத்து மஸ்டாங் ஒன்றை மலிவாகப் பிடித்து, மிச்சிகனில் வார இறுதிகளில் நடக்கும் சர்க்யூட் பந்தயங்களுக்குத் தயார் செய்யப் போகிறாய். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கார் தேர்வை மெச்சவே செய்கிறேன். 1979 முதல் 1993 வரை வந்த அந்த மாடல் எடை குறைந்தது, உதிரி பாகங்கள் எளிதில் கிடைக்கும், ஐந்து லிட்டர் வி8 எஞ்சினும் உழைப்புக்கு அஞ்சாதது. என் கவலையெல்லாம் பட்டியலின் வரிசையைப் பற்றித்தான். சிலிண்டர் ஹெட், கேம் ஷாஃப்ட், சைலன்ஸர் என்று முதல் பக்கம் முழுக்க எஞ்சின். பிரேக் கடைசி வரியில், அதுவும் 'பிறகு பார்க்கலாம்' என்ற குறிப்போடு. நம் வீட்டில் இந்தப் 'பிறகு பார்க்கலாம்' யார் யாரை எங்கே கொண்டுபோய் விட்டது என்று நான் எழுத வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரிவதற்குக் கையிருப்பு, தெரியாததற்குக் கடன் என்பது உன் தாத்தா காலத்திலிருந்து வரும் வியாதி.

கணக்கைப் பார். ஓட்டுபவரோடு சேர்த்து கார் 1,500 கிலோ என்று வை. மணிக்கு 200 கிலோமீட்டரில் வந்து, வளைவுக்காக 80க்கு இறங்க வேண்டும். அந்தச் சில நொடிகளில் இழக்க வேண்டிய ஆற்றல் சுமார் 19 லட்சம் ஜூல். ஆறு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும் சூடு. அதில் பெரும்பங்கு நான்கு சக்கரங்களின் பிரேக்குக்குள் இறங்குகிறது. முன்சக்கரங்களுக்கே பாரம் அதிகம். அடுத்த வளைவிலும் அதே கதை, அரை மணி நேரம் விடாமல். இப்போது உன் புது எஞ்சின் அந்தக் காரை 220க்குக் கொண்டுபோகிறது என்று வைத்துக்கொள். வேகம் பத்து சதவீதம்தான் கூடியது. பிரேக் தின்ன வேண்டிய சூடோ கால் பங்கு கூடிவிட்டது, ஏனென்றால் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. அந்த மாடலில் இருப்பதோ முன்னால் 11 அங்குலம்கூட நிறையாத டிஸ்க், பின்னால் டிரம். சாதாரண டாட் 3 பிரேக் ஆயிலின் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது 205 டிகிரி என்பது குறைந்தபட்சத் தரம். காற்றின் ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஏறிய பிறகு அந்தத் தரமே 140 டிகிரிதான். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும். ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதித்த கால் தரைவரை போகும், கார் நிற்காது. உன் பட்டியலில் பிரேக்குக்கென்று இருக்கும் ஒரே சாமான் ஓட்டை போட்ட டிஸ்க். பார்க்க அழகுதான். ஆனால் சூடேறி ஆறி, சூடேறி ஆறி, அந்த ஓட்டைகளின் விளிம்பிலிருந்துதான் மயிரிழை விரிசல் கிளம்பும். ஓட்டையில்லாத டிஸ்க் விலையும் குறைவு, உழைப்பும் அதிகம்.

எஞ்சினுக்குக் கொடுக்கும் பணம் எஞ்சினோடு நிற்பதும் இல்லை. அந்தக் கார் கடையிலிருந்து வந்தபோது 225 குதிரைத்திறன். அதன் டி5 கியர் பாக்ஸ் கிட்டத்தட்ட அந்த முறுக்கு விசைக்கென்று செய்தது. சக்தியைக் கூட்டினால் பல் உதிரும். கியர் பாக்ஸை மாற்றினால் கிளட்ச், அதன் பிறகு ஆக்ஸில். 500ஐத் தாண்டினால் அந்த எஞ்சின் பிளாக்கே நடுவில் பிளக்கும் என்பது மஸ்டாங் பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சேதி. ஒரு செலவு அடுத்த செலவை அழைத்துவரும். கடைசியில் பிரேக்குக்குப் பணம் இருக்காது. கிரெடிட் கார்டு இருக்கும், அதுதான் எனக்குப் பயம்.

மஸ்டாங்கைப் பந்தயத்துக்குத் தயார் செய்த ஷெல்பி எஞ்சினைத் தொடவில்லையா என்று கேட்பாய். தொட்டார். 1965இல் ஜி.டி.350 செய்தபோது 271 குதிரைத்திறனை 306 ஆக்கினார், அவ்வளவுதான். மற்ற வேலை எங்கே நடந்தது என்று பார்: முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் அகலமான டிரம், முன் சஸ்பென்ஷனின் மேல் கையை ஒரு அங்குலம் இறக்கிப் பொருத்தியது, பின்சீட்டைக் கழற்றியது. அந்தக் கார் அதே வருஷம் எஸ்.சி.சி.ஏ. என்ற பந்தய அமைப்பின் பி-புரொடக்‌ஷன் பட்டத்தை எடுத்தது. 1969இல் ஷெவர்லே கமாரோவுக்கு நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக்கை ஆப்ஷனாகக் கொடுத்ததும் பந்தயக்காரர்களுக்காகத்தான். வாங்கியவர்கள் அதிகமில்லை, 206 கார். தெருவில் ஓட்டியவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

நேர்பாதையில் எல்லோரும் என்னைத் தாண்டிப் போவார்களே என்பது உன் அடுத்த கேள்வியாக இருக்கும். நீ போக வேண்டிய இடத்தில் போக மாட்டார்கள். நாசா (ராக்கெட் விடும் நாசா அல்ல, நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷன்) நடத்தும் கமாரோ-மஸ்டாங் சேலஞ்சில் எஞ்சின் சக்திக்கு உச்சவரம்பு உண்டு. அங்கே உன் முதல் பக்கச் செலவில் பாதி சட்டப்படியே வீண். 500 டாலர் கார்களை ஓடவிடும் லெமன்ஸ் பந்தயத்தைப் பார். அந்த 500இல் பிரேக், டயர், வீல் பேரிங், ரோல் கேஜ் எதுவும் கணக்கில் சேராது. ஓட்டைக் கார்களை வைத்துக் கேலிக்கூத்து நடத்துபவர்களே எதில் சிக்கனம் கூடாது என்று விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள். நல்ல பிரேக்குக்குப் பெரும் பணமும் வேண்டாம். 1994க்குப் பிறகு வந்த மஸ்டாங்கின் அச்சும் டிஸ்க்கும் உன் காரில் ஏறும். கோப்ரா மாடலின் 13 அங்குல டிஸ்க் கிடைத்தால் இன்னும் நல்லது, 17 அங்குலச் சக்கரம் தேவைப்படும். பந்தய பேட், அதிகக் கொதிநிலை ஆயில், டிஸ்க்குக்குக் காற்று கொண்டுபோகும் குழாய். முதல் வருஷத்துக்கு இது போதும்.

ஹெல்மெட் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய், அது பைக் ஹெல்மெட். ஸ்னெல் தரத்தில் எஸ்.ஏ. முத்திரை உள்ளதைத்தான் தீயில் சோதிக்கிறார்கள், பைக்குக்கான எம். முத்திரையில் அந்தச் சோதனை இல்லை. கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் பட்டையை உருவாக்கிய ராபர்ட் ஹப்பர்ட் உன் ஊர்ப்பக்கம் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். பந்தயம் ஓட்டிய மைத்துனரோடு சேர்ந்து 1980களில் செய்தார். பல வருஷம் அதை யாரும் சீண்டவில்லை. 2001இல் டேடோனாவில் மண்டையோட்டின் அடி உடைந்து டேல் எர்ன்ஹார்ட் இறந்த பிறகுதான் நாஸ்கார் அந்த வகைக் கருவியைக் கட்டாயமாக்கியது. அவர் ஏழு முறை சாம்பியன். நீ இன்னும் ஒரு பந்தயம்கூட ஓட்டவில்லை, கண்ணு.

இனி உன் இஷ்டம். பட்டியலை அப்படியே வைத்துக்கொள்ளலாம், அல்லது தலைகீழாகத் திருப்பலாம். நான் குறுக்கே வரமாட்டேன். திருப்பினால் அண்ணியிடம் நானே பேசுகிறேன். திருப்பாவிட்டால் நீயே பேசிக்கொள்.

ரொம்பவும் நீட்டிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நம் குடும்பத்தில் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த ஒரே பிள்ளை நீ. அதில் எனக்குள்ள பெருமையை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை. காருக்கு என்ன கலர் வேண்டுமானாலும் அடி, எவ்வளவு சத்தம் வேண்டுமானாலும் போடட்டும். ஹெல்மெட்டும் ஹான்ஸும் என் செலவு. தலைச் சுற்றளவை டேப் வைத்து அளந்து, இந்த வாரமே எழுது.

அன்புடன்,
அத்தை