பொன் போன பின்

நுழையும்முன்
பொன் அணிகலனாகிறது, அதைப் பிரித்தபின் எஞ்சும் பாறைத்தூள் என்னவாகிறது என்பதைக் கூறுகிறது இப்பாடம்.

கர்நாடகத்தின் கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டன. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து குடியேறிய தமிழர் பலர், அங்கே மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் இறங்கி உழைத்தனர். அவர்கள் வெட்டிய பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலால் பொன்னைப் பிரித்தனர். எஞ்சிய கழிவு, குடியிருப்புகளின் அருகே குன்றுகளாகக் குவிந்தது. காற்றடித்தால் அதன் தூள் வீடுகளில் படிகிறது. மழை பெய்தால் கரைந்து ஓடைகளைச் சேர்கிறது.

சயனைடு வெயிலில் பெரும்பாலும் சிதைந்துவிடும். ஆனால், கழிவிலுள்ள கந்தகக் கனிமங்கள் காற்றும் நீரும் பட்டு அமிலத்தை உண்டாக்கும். அவ்வமிலம் உலோக நஞ்சுகளைக் கரைத்து நிலத்தடி நீரில் சேர்க்கும்.

ஆகவே, கழிவுமேட்டைச் சீரமைப்பதில் நீர் மேலாண்மையே முதன்மையானது. வெளியிலிருந்து வரும் மழைநீரைச் சுற்றுக்கால்வாய் வெட்டித் திருப்ப வேண்டும். சரிவைத் தணித்து, களிமண்ணைப் பரப்பி இறுக்கி, அதன்மேல் வளமண் இட்டுப் புல் வளர்க்க வேண்டும். கசியும் நீரைத் தனிக்குளத்தில் தேக்கி, சுண்ணாம்பிட்டு அமிலத்தன்மையைப் போக்கி, ஆய்வு செய்த பின்னரே வெளியேற்ற வேண்டும். புல் வேரூன்றிய பின்னும் பல்லாண்டுக் கண்காணிப்புத் தேவை.

இதற்கான பொருளைச் சுரங்கம் பொன் தரும் காலத்திலேயே ஒதுக்கி வைப்பது, மேட்டருகே வாழப்போகும் தலைமுறைக்குச் செய்யும் கடமையாகும்.