மண்ணகழ் பொறியும் சிறு ஒப்பந்தக்காரரும்

நிலத்தைத் திருத்தியும் நீரைத் தேக்கியும் வாழ்தலே உழவுத்தொழிலின் அடிப்படையாகும். ஏரி வெட்டுதல், கிணறு தோண்டுதல், மேடு தட்டிப் பள்ளம் நிரப்புதல் ஆகியவற்றை நம் முன்னோர் கடப்பாரையும் மண்வெட்டியும் கூடையுங் கொண்டு செய்துவந்தனர். இன்று அத்தொழில்களிற் பெரும்பாலனவற்றை நான்கு சக்கரமுடைய பொறியொன்று தன்மேற் கொண்டுவிட்டது. பண்டைத் தகடூர் நாட்டைச் சார்ந்த கடத்தூர்ப் பக்கத்தில், இத்தகைய பொறியொன்றை வாங்கி வாடகைக்கு விட்டுப் பிழைக்குஞ் சிறு ஒப்பந்தக்காரரை முன்னிறுத்தி, இப்பொறியின் சந்தை மாறிவருமாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ் பயிலும் எமக்கு இப்பொருளில் என்ன உரிமை உண்டென வினவுவார் உளராயின், ஒரு சொல்லின் பொருள்மயக்கமே எம்மை இவ்வாராய்ச்சியிற் புகுத்தியதென விடை கூறுவோம்.

முதற்கண் பொறியின் இயல்பை அறிதல் வேண்டும். இதன் முன்புறத்தே அகன்ற வாளியொன்று உண்டு. அது மண்ணை வாரி லாரியில் ஏற்றும். பின்புறத்தே முழங்கைபோல் மடங்கும் நீண்ட கையொன்றும், அதன் நுனியிற் பல்லுடைய சிறுவாளியொன்றும் உள. அவை குழி பறிக்கும். தோண்டுங்கால் பொறி அசையாதிருத்தற்பொருட்டு இருபுறமுந் தாங்குகால்கள் நிலத்தில் ஊன்றப்பெறும். ஓட்டுபவர் தம் இருக்கையை முன்னும் பின்னுந் திருப்பிக்கொண்டு இருவேலைகளையும் தாம் ஒருவராகவே செய்வர். அழுத்தப்பெற்ற எண்ணெயே உருளைகளைத் தள்ளிக் கைகளை இயக்குகின்றது. ரப்பர்ச் சக்கரங்கள் இருத்தலின் இஃது ஓரூரினின்று மற்றோரூருக்குச் சாலைவழியே தானே செல்லும். இரும்புப் பட்டைமேல் ஊரும் பெரிய அகழ்பொறியையோ லாரியில் ஏற்றியே கொண்டுசெல்லல் வேண்டும். காலையில் ஓரூரிற் கால்வாயும் மாலையில் வேறோரூரில் வீட்டு அடித்தளமும் தோண்டவேண்டிய சிறு ஒப்பந்தக்காரர் இப்பொறியை விரும்பியதற்கு இதுவே தலையாய காரணம்.

இனி இதன் பெயரை நோக்குவோம். நம் மக்கள் இதனை 'ஜே.சி.பி.' என்பர், செய்தித்தாள்கள் 'பொக்லைன்' என்றும் எழுதும், பட்டைமேல் ஊர்வதனை ஊரார் 'ஹிட்டாச்சி' என்பர். இம்மூன்றும் பொறியின் பெயர்களல்ல. பொறியை ஆக்கிய நிறுவனங்களின் பெயர்களாம். ஜே.சி.பி. என்பன ஜோசப் சிரில் பாம்போர்டு என்னும் ஆங்கிலேயரது பெயரின் முதலெழுத்துக்கள். பொக்லைன் பிரெஞ்சு நாட்டினது. ஹிட்டாச்சி ஜப்பான் நாட்டினது. செய்தவன் பெயர் செய்யப்பட்ட பொருளுக்கு ஆகிவருதலை இலக்கண நூலார் கருத்தாவாகுபெயர் என்பர். 'இந்நூல் திருவள்ளுவர்' என்பது மாணவர் யாவரும் அறிந்த எடுத்துக்காட்டு. 'வயலில் ஜே.சி.பி. ஓடுகிறது' என்பதும் அவ்வகையினதே. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. திருக்குறளை இயற்றினார் ஒருவரே. மண்ணகழ் பொறியை ஆக்குவார் பலர். பலர் ஆக்கும் பொருளுக்கு ஒருவர் பெயரே வழங்குமாயின், வாங்குவோர் அப்பெயரையே நாடிச் செல்வர்; தம் பணிக்கு ஏற்ற பொருள் யாதென ஆராயார். இலக்கணத்தில் அழகாய் நிற்கும் ஆகுபெயர் வாணிகத்தில் இடர் விளைத்தலும் உண்டென்பது இதனாற் புலனாம்.

அப்பெயருக்குரிய பாம்போர்டின் வரலாறே இதற்கு நல்ல சான்று. அவர் 1945ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் உட்டாக்ஸிட்டர் என்னுஞ் சிற்றூரில் ஒரு சிறு கொட்டகையை வாடகைக்கு அமர்த்தி, போரில் எஞ்சிய இரும்பைக் கொண்டு, உழவர்க்குப் பயன்படுங் கவிழ்வண்டி ஒன்றைச் செய்தார். அதனை ஊர்ச்சந்தையில் 45 பவுனுக்கு விற்றார். பின்னர் 1953இல் டிராக்டரொன்றின் முன்னே வாரும் வாளியையும் பின்னே தோண்டுங் கையையும் பூட்டித் தம் முதல் அகழ்பொறியை வெளியிட்டார். அமெரிக்காவின் கேஸ் நிறுவனத்தார் 1957இல் அம்மூன்றையும் தொழிற்சாலையிலேயே ஒரே பொறியாக ஆக்கி விற்றனர். எனவே, இன்று தனிப்பொறியாய் நிற்கும் இது தோன்றியது உழவரது டிராக்டரினின்றே என்க.

நம் நாட்டில் 1979இல் ஜே.சி.பி. நிறுவனம் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தோடு கூடி, ஹரியானாவிலுள்ள பல்லப்கரில் தொழில் தொடங்கிற்று. பின்னர்ப் பிறரும் புகுந்தனர். 2011இல் மகிந்திரா நிறுவனத்தார் 'எர்த்மாஸ்டர்' என்னும் பொறியை வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே அசோக் லேலண்டும் ஜான் டீரும் கூட்டாக நம் கும்மிடிப்பூண்டியில் ஒரு பொறியை ஆக்கின. அக்கூட்டு முயற்சி நெடுங்காலம் நிலைக்கவில்லை. ஆக்குவோர் தொழிலை விட்டால் உதிரிப்பாகத்திற்கு எங்கே செல்வது என்னும் அச்சம் வாங்கினோர்க்கு உண்டாதல் இயல்பு. ஒரே பெயரை மக்கள் விடாது பற்றுதற்கு அறியாமை மட்டுமன்றி இவ்வச்சமுங் காரணமென்பதை யாம் மறுக்கவில்லை. பழம்பொறியை விற்குங்கால் பெயர்பெற்றதற்கு நல்ல விலை கிடைத்தலும் உண்மையே.

நிற்க. கடத்தூர்ப் பக்கத்தில் இப்பொறிக்கு வேலை எங்ஙனம் வந்தது? தருமபுரி மாவட்டம் மழை குறைந்தது. நிலத்தடி நீரிற் புளோரைடு மிக்கது. அக்கேட்டை நீக்குதற்கு அமைந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பெற்றது. 2017இல் தமிழக அரசினர் குடிமராமத்தைப் புதுப்பித்து ஏரிகளைத் தூர்வாரினர். 2019இல் மத்திய அரசினர் வீடுதோறுங் குழாய்நீர் வழங்கும் ஜல் ஜீவன் திட்டத்தை அறிவித்தனர். குழாய் பதிக்கப் பள்ளமும், ஏரியின் வண்டல் அள்ள வாளியும் வேண்டுமன்றோ? இவற்றோடு கிணற்றுச் சேறு அகற்றல், வரப்பு மாற்றல், மேட்டு நிலத்தைச் சமனாக்கல் முதலிய உழவர் வேலைகளும் சேர்ந்தன.

எனினும் அரசாங்க வேலை மழைபோல் ஒருகாலத்துப் பெய்து மறுகாலத்துப் பொய்க்கும். கடன் தவணையோ மாதந்தோறுந் தவறாது வரும். ஓரூரில் ஒரு பொறி நன்கு சம்பாதித்தால் அயலார் நால்வர் நிதி நிறுவனத்திற் கடன்பெற்று வாங்குவர்; வேலை ஐந்தாகப் பகுபடும்; மணிக்கணக்கு வாடகையுங் குறையும். இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குவோம். தவணை, ஆபரேட்டர் சம்பளம், காப்புறுதி ஆகியவை மாதம் 90,000 ரூபாய் எனவும், டீசல் போக மணிக்கு 600 ரூபாய் எஞ்சுமெனவுங் கொள்வோம். மாதம் 150 மணி ஓடினாலன்றிச் செலவு கட்டாது. நூறு மணியே கிடைப்பின் 30,000 ரூபாய் குறையும். சிறிய பொறிக்கு மாதச்செலவு 45,000 ரூபாயும் மணிக்கு எஞ்சுவது 450 ரூபாயும் ஆயின், அதே நூறு மணியிற் செலவு சரிக்கட்டும். ஆகவே வினவத்தக்கது 'பொறி எவ்வளவு வலியது?' என்பதன்று, 'மாதம் எத்தனை மணி வேலை உண்டு?' என்பதேயாம்.

சிறுபொறியின்பால் சந்தை திரும்புதற்கு அரசாங்க விதிகளும் ஒரு காரணமாயின. 2017 ஜூலையில் இப்பொறிகளுக்கு விதித்த நூற்றுக்கு 28 வரி அவ்வாண்டு நவம்பரில் 18 ஆகக் குறைந்தது. இஃது எல்லாப் பொறிக்கும் பொது. 2021 ஏப்ரலில் வந்த புகைக் கட்டுப்பாட்டின் நான்காம் படியோ வேறுபாடு செய்தது. அது 37 கிலோவாட், அஃதாவது ஏறத்தாழ 50 குதிரைத்திறனுக்குக் குறைந்த எஞ்சின்களைத் தீண்டவில்லை. ஆதலின் அதுவரை 76 குதிரைத்திறன் அளவில் ஆக்கிவந்தோர் சிலர் 49 குதிரைத்திறனிலும் பொறிகளை ஆக்கலாயினர். 2025 ஜனவரியில் வந்த ஐந்தாம் படி சிறு எஞ்சின்களையும் உள்ளடக்கிற்று, அச்சலுகை ஒழிந்தது. விதியை நம்பி வாங்குவோர் அவ்விதி மாறுமென்பதையும் எண்ணுதல் வேண்டும். அன்றியும், மின்னணு அமைப்பேறிய புதிய எஞ்சினை ஊர்ப்பட்டறையிற் பழுதுபார்த்தல் முன்போல் எளிதன்று.

டிராக்டரில் வாளியும் கையும் பூட்டிக்கொள்ளும் முறையும் நம்மிடையே உண்டு. கோயம்புத்தூரிலுள்ள புல் மெஷின்ஸ் நிறுவனத்தார் அத்தகைய இணைப்புக் கருவிகளை ஆக்குகின்றனர். டிராக்டர் உடையார்க்கு இது செலவு குறைந்த வழி. குறுகிய சந்திலும் தோட்டத்திலும் எளிதிற் புகும். ஆயின் கடும்பாறை நிலத்தில் இதனை வருத்தலாகாது; தக்க இரும்புச் சட்டமின்றிப் பூட்டினால் டிராக்டரின் அச்சும் பற்சக்கரப் பெட்டியும் கேடுறும். உழவுக்கெனப் பதிவுசெய்த டிராக்டரை வாடகைக்கு விட்டால், விபத்து நேருங்கால் காப்புறுதி பெறுதலில் இடர்ப்பாடு எழலாம். இவற்றை முன்னரே கேட்டறிதல் கடன்.

கூடை சுமந்தார் நிலையையும் மறத்தலாகாது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் ஒப்பந்தக்காரரை விலக்கி, ஆள்களின் வேலையைப் பறிக்கும் பொறிகளையும் இயன்றவரை தவிர்க்குமாறு பணித்தது. மண்வேலை ஏழைக்கு உணவென்பதை அச்சட்டம் உணர்ந்தமை தெளிவு. பொறி வந்ததனால் முதுகொடியும் உழைப்பு ஒழிந்தது நன்றே. ஆயின் அவ்வுழைப்பின் கூலியும் உடன் ஒழிந்தது. பொறியை இயக்கவும் பழுதுபார்க்கவும் அக்குடும்பத்து இளைஞர் பயிற்சி பெறுவராயின், இழந்த கூலியின் ஒரு பகுதியேனும் அவர்பால் மீளும்.

இதுகாறுங் கூறியவாற்றாற் பெறப்படுவது இது: பெயர் ஒன்றாயினும் பொருள் பல, பொருளைத் தேர்தற்குரிய அளவுகோல் பணியே. தன் ஊரின் மண், தன் கையிலுள்ள வேலை, ஓராண்டிற் கிடைக்கும் மணிக்கணக்கு, பக்கத்திலுள்ள பட்டறை ஆகிய நான்கனையும் எழுதிப் பார்த்தபின் கையொப்பமிடுவோர் கடனில் அமிழார். படித்த மாணவர் விடுமுறையில் ஊர் செல்லுங்கால், பொறி வாங்க எண்ணும் உறவினர்க்கும் அயலார்க்கும் அருகிருந்து இக்கணக்கை எழுதிக் கொடுப்பாராயின், அவர் கற்ற கல்வி ஊர்க்குப் பயன்பட்டதாகும்.