நம் வீட்டுப் பூனையும் ஈர உணவும்



பள்ளி ஆண்டு மலரில் பாடக் கட்டுரை ஒன்று எழுதுவது எமது வழக்கம். இவ்வாண்டு நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். பூனைக்கு என்ன உணவு கொடுப்பது என்பதே அது. "பள்ளி மலரில் பூனைச் சோறா?" என நகைப்போரும் இருக்கக்கூடும். ஆயினும் இதனை எழுத எம்மைத் தூண்டிய நிகழ்ச்சி நகைப்புக்குரியதன்று. அதனையே முதலில் கூறிவிடுகிறோம்.

ஒரு மாணவனின் கேள்வி

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை காலை, சபைகூடல் முடிந்ததும் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் எம்மிடம் வந்தான். "ஐயா, எங்கள் கடுவன் பூனை மணலில் போய்ப் போய் உட்காருகிறது. ஒன்றும் வரவில்லை. வலியில் கத்துகிறது" என்றான். நாம் சற்றும் சிந்தியாமல், "மலச்சிக்கலாக இருக்கும், தம்பி. கொஞ்சம் விளக்கெண்ணெய் கொடுக்கச் சொல்" என்று கூறிவிட்டு அலுவலகத்துக்குள் சென்றுவிட்டோம்.

புதன்கிழமை அப்பூனை இறந்துவிட்டது. வீட்டுப் பின்புறம் வாழையடியில் அதனைப் புதைத்தார்கள். மறுநாள் அம்மாணவன் மீண்டும் வந்து நின்றான். "நாங்கள் அதற்கு என்ன தப்பாகக் கொடுத்துவிட்டோம், ஐயா?" என்று கேட்டான். எமக்கு விடை தெரியவில்லை.

பின்னர் பட்டணத்துக்குச் சென்றபோது கால்நடை மருத்துவர் ஒருவரிடம் இதனை எடுத்துரைத்தோம். அவர் தலையை அசைத்தார். "அது மலச்சிக்கல் அன்று, சிறுநீர் அடைப்பு. அன்றே கொண்டு வந்திருந்தால் காப்பாற்ற வாய்ப்பு இருந்தது" என்றார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்பது பழமொழி. அன்று கண்ணை மூடிக்கொண்டது பூனையன்று, நாமே. அம்மாணவனுக்கு அன்று சொல்ல இயலாத விடையை இன்று அனைவருக்கும் பொதுவாக எழுதுகிறோம்.

1. பூனையின் பூர்வீகம்

நம் வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப் பூனையாகும். அது வடஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் உள்ள வறண்ட நிலங்களில் வாழ்வது. மனிதனும் பூனையும் கொண்ட நட்பு மிகப் பழைமையானது. சைப்பிரசு தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதனும் ஒரு பூனையும் அருகருகே புதைக்கப்பட்டதை ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தனர்.

வறண்ட நிலத்தில் ஆறும் குளமும் எளிதில் கிட்டா. அப்படியாயின் அப்பூனை தாகத்தை எங்ஙனம் தணித்தது? விடை எளிது. அது பிடித்துத் தின்ற எலியின் உடலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீரே. ஆகவே இரையே அதற்கு உணவாகவும் நீராகவும் அமைந்தது. சிறுநீரைக் கெட்டியாக்கி உடலின் நீரைச் சேமிக்கும் வல்லமை அதன் சிறுநீரகத்துக்கு உண்டு. தாக உணர்ச்சியோ அதற்குக் குறைவு. இவ்வியல்பு இன்று நம் அடுப்பங்கரையில் உறங்கும் பூனையிடமும் அப்படியே உள்ளது.

2. ஊன் உண்ணும் உடல்

நாய் சோறும் இறைச்சியும் கலந்து உண்டு வாழ வல்லது. பூனை அத்தகையதன்று. அது ஊன் உண்டே வாழ வேண்டிய பிராணி. டாரின் என்னும் சத்தினைப் பூனையின் உடல் தனக்குப் போதுமான அளவு ஆக்கிக்கொள்ளாது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்துமே பெற வேண்டும். இச்சத்துக் குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும் என்பது 1975ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் தெரியவந்தது. 1987ஆம் ஆண்டில், பால் பியோன் என்னும் அமெரிக்கக் கால்நடை மருத்துவரும் அவர்தம் குழுவினரும், டாரின் குறைவால் பூனையின் இதயமும் தளர்ந்து விரிவடையும் என்பதைக் கண்டறிந்தனர். அதன்பின் உணவு தயாரிப்போர் டாரின் அளவை உயர்த்தினர், அந்நோயும் அரிதாயிற்று.

காரட்டிலும் கீரையிலும் உள்ள சத்தை நம் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். பூனையின் உடல் அவ்வாறு மாற்றாது. பூனைக்கு இனிப்புச் சுவையும் தெரியாது. அச்சுவையை உணரும் மரபணு பூனையினத்தில் பழுதுபட்டிருப்பதை 2005ஆம் ஆண்டில் அறிஞர்கள் கண்டறிந்தனர். ஆகையால் வெறும் சோறும் குழம்பும் பூனையின் வயிற்றை நிரப்புமேயன்றி உடலை வளர்க்கா. நாய்க்கென விற்கும் தீனியும் பூனைக்கு ஏற்றதன்று.

3. ஒரு சிறு கணக்கு

மாணவர்களே, இப்பொழுது பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பூனைக்கு அதன் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் நீர் தேவை எனக் கொள்வோம். 4 கிலோ எடையுள்ள பூனைக்கு 4 × 50 = 200 மில்லிலிட்டர் வேண்டும்.

கடையில் விற்கும் பூனை உணவு இருவகைப்படும். உருண்டை உருண்டையாகக் காய்ந்திருப்பது உலர் உணவு. அதில் நீர் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவே. டின்னிலும் சிறு பைகளிலும் குழைவாக வருவது ஈர உணவு. அதில் நீர் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது பங்கு.

ஒரு நாளைக்கு 60 கிராம் உலர் உணவு தின்னும் பூனை அதிலிருந்து பெறும் நீர் 6 மில்லிலிட்டர் மட்டுமே. எஞ்சிய 194 மில்லிலிட்டரை அது குடித்தே ஈடு செய்ய வேண்டும். 85 கிராம் கொண்ட ஈர உணவுப் பைகள் மூன்றைத் தின்னும் பூனையோ 255 கிராமில் 204 மில்லிலிட்டர் நீரை உணவோடு உணவாகவே பெற்றுவிடுகிறது. உலர் உணவு தின்னும் பூனை கூடுதலாக நீர் குடிக்கும் என்பது உண்மையே. ஆயினும் உணவும் நீரும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால், ஈர உணவு தின்னும் பூனைக்கே மொத்த நீர் மிகுதியாகக் கிடைக்கிறது.

நீர் மிகுந்தால் சிறுநீர் நீர்த்துப் பெருகி வெளியேறும். நீர் குறைந்தால் அது கெட்டியாகும். அதில் உப்புப் படிகங்கள் திரள இடமுண்டாகும். கடுவன் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகலானது. சிறு படிகத் திரளும் அதனை அடைத்துவிடும். அம்மாணவனின் வீட்டில், தாயார் விடியற்காலையில் வேலைக்குப் புறப்படும்போது ஒரு தட்டு நிறைய உலர் தீனி கொட்டி வைப்பார். மாலை வரை அதுவே. தண்ணீர்க் கிண்ணம் தனியாக வைத்ததில்லை. அத்தாயார் மீது குறை கூற எமக்கு உரிமையில்லை. தம் கூலியில் மிச்சம்பிடித்துக் கடைத்தீனி வாங்கியவர் அவர். உலர் உணவே சாவுக்குக் காரணம் என அறுதியிட்டுக் கூறவும் இயலாது. உடற்பருமன், ஓடியாடாமை, உளைச்சல் முதலியனவும் இந்நோய்க்குக் காரணமாகும். எனினும் நீர் குறைவு நம்மால் நீக்கத்தக்க காரணம். அதனால்தான் இத்துணை விரித்துரைக்கிறோம்.

4. கொடுக்கும் முறை

ஈர உணவின் விலை உலர் உணவின் விலையினும் மிகுதி. தோட்டக் குடும்பங்களின் வரவு செலவை நாம் அறிவோம். ஆகவே மூன்று வழிகளைக் கூறுகிறோம். அவரவர் இயன்றதைக் கைக்கொள்க.

முதலாவது, இயன்றவர் முழுவதும் ஈர உணவே கொடுக்கலாம். இரண்டாவது, காலையில் உலர் உணவும் மாலையில் ஈர உணவுமாகப் பிரித்துக் கொடுக்கலாம். மூன்றாவது, அதுவும் இயலாதவர் உலர் உணவில் வெதுவெதுப்பான நீரை ஊற்றிச் சிறிது நேரம் ஊறவைத்துக் கொடுக்கலாம். இதற்குக் காசு செலவில்லை. எவ்வழியாயினும் தூய நீர் நிறைந்த கிண்ணம் ஒன்று எப்பொழுதும் இருத்தல் வேண்டும்.

பொட்டலத்தின் மேலுள்ள எழுத்துகளைப் படித்து வாங்குங்கள். 'கம்ப்ளீட்' என்று இருந்தால் அது முழுமையான உணவு. 'காம்ப்ளிமெண்டரி' என்று இருந்தால் அது துணை உணவு மட்டுமே. அதனை மட்டும் கொடுத்துப் பூனையை வளர்த்தல் கூடாது. ஆங்கிலம் அறியாத பெற்றோர்க்குப் பிள்ளைகளே இதனைப் படித்துக் காட்டலாம். கல்வி கற்பதன் பயன் இதுவுமன்றோ!

உணவை ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழைய உணவில் புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து, ஏழு முதல் பத்து நாள்களில் மாற்றுங்கள். பிடிக்காவிடில் பட்டினி போட்டுப் பணியவைக்க எண்ணாதீர்கள். ஓரிரு நாள் உண்ணாதிருந்தாலே பூனையின், குறிப்பாகக் கொழுத்த பூனையின், கல்லீரலில் கொழுப்புப் படிந்து உயிருக்கு ஊறு நேரலாம்.

நம் நாட்டு வெப்பத்தில் ஈர உணவு விரைவில் கெடும். ஒரு வேளைக்கு வேண்டிய அளவே வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் எஞ்சியதை அகற்றிவிடுக. பிரித்த டின்னின் மீதியை மூடிய பாத்திரத்தில் இட்டுக் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுக. குளிர்ந்ததை அப்படியே கொடாமல், குளிர் நீங்கியபின் கொடுக்க வேண்டும். எறும்பு மொய்க்குமாயின், தட்டை நீர் ஊற்றிய அகன்ற தாம்பாளத்தின் நடுவே வைப்பது நல்லது.

சந்தையில் 'கெம்போங்' எனப்படும் கானாங்கெளுத்தி மீனை உப்பும் மசாலையும் இன்றி வேகவைத்து, முள் நீக்கி, வெந்த நீரோடு பிசைந்து சிறிதளவு கொடுக்கலாம். பூனை ஆவலோடு உண்ணும். ஆயினும் மீன் மட்டுமே முழு உணவாகாது. அதன் சதையில் சுண்ணாம்புச் சத்துப் போதாது.

5. தவிர்க்க வேண்டியவை

வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஆகவே குழம்பு ஊற்றிய சோற்றைக் கொடாதீர். மனிதர்க்கான சார்டின் டின்னில் உப்பும் சாறும் மிகுதி, அதுவும் வேண்டா. வேகவைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். சில வகைப் பச்சை மீன்களில் தயாமின் என்னும் வைட்டமினை அழிக்கும் பொருள் உண்டு. வேகவைத்தால் அது செயலற்றுப்போகும். பூனை என்றால் பால் என்று பாட்டி கதைகளில் கேட்டிருக்கிறோம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கே உண்டாகும். தாகத்துக்கு நீரே நன்று.

"தீனி போட்டால் பூனை எலி பிடிக்காது" என்று கருதுவோர் நம் தோட்டத்தில் பலர். இது சரியன்று. வேட்டையாடுவது பூனையின் இயற்கை. வயிறு நிறைந்த பூனையும் எலியைத் துரத்தும். எலிப்பாடாணம் தின்ற எலியை உண்ணும் பூனையும் நஞ்சேறி மடியக்கூடும். எனவே எலியை நம்பிப் பூனையைப் பட்டினி போடுதல் தகாது.

6. ஆபத்தின் அறிகுறி

இப்பகுதியை மட்டுமேனும் அனைவரும் மனத்தில் இருத்துங்கள். கடுவன் பூனை அடிக்கடி மணலில் சென்று முக்குதல், சிறுநீர் வாராமை அல்லது சொட்டுச் சொட்டாக வருதல், கத்துதல், குறியை நக்கிக்கொண்டே இருத்தல், பின்னர் வாந்தியும் சோர்வும் ஆகிய இவை சிறுநீர் அடைப்பின் அறிகுறிகள். இந்நிலையில் கைவைத்தியம் எதுவும் உதவாது. ஈர உணவும் உதவாது. உடலில் நஞ்சு தேங்கி, பொட்டாசியம் மிகுந்து, இதயம் நின்றுவிடும். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அந்த நாளே, அந்த வேளையே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

முடிவுரை

2015ஆம் ஆண்டின் மலேசிய விலங்கு நல்வாழ்வுச் சட்டம், வளர்ப்பவர் தம் பிராணிக்கு ஏற்ற உணவு அளித்தல் கடமை என்கிறது. சட்டம் சொல்வதற்கு முன்பே நம் மனம் சொல்ல வேண்டிய கடமை அது. வாய் பேசாத உயிர் தன் தாகத்தை எவரிடம் சென்று முறையிடும்?

அம்மாணவன் இப்பொழுது ஆறாம் ஆண்டில் பயில்கிறான். அவன் வீட்டில் புதிதாக ஒரு குட்டி வளர்கிறது. தீனியை ஊறவைப்பது தன் வேலை என்றும், கிண்ணத்தில் நீர் மாற்றுவது தங்கையின் வேலை என்றும் எம்மிடம் சொன்னான். பிள்ளைகள் ஒன்றைக் கேட்கும்போது, தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லாதிருக்க நாமும் கற்றுக்கொண்டோம்.

பயிற்சி

1. 5 கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்கு எவ்வளவு நீர் தேவை?
2. 85 கிராம் ஈர உணவில் உள்ள நீரின் அளவு யாது?
3. பூனைக்குக் குழம்புச் சோறு ஏன் ஆகாது? இரண்டு காரணங்கள் கூறுக.
4. சிறுநீர் அடைப்பின் அறிகுறிகளை வீட்டிலுள்ள பெரியோர்க்கு எடுத்துச் சொல்க.